நம்பி இளைத்த வருஷம்

நெடுங்கரை நம்பி இளைக்கத் தொடங்கியது ஆனி மாதம் மூன்றாவது புதன்கிழமை என்பதில் ஊரில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஏனென்றால் புதன்கிழமைதான் அளவு சொல்லும் நாள். அன்று காலை ஏழு மணிக்கு லோசன பட்டர் கர்ப்பகிருகத்துக்குள் நின்று, மூலவர் நம்பியின் ஆறடி உயரக் கல் திருமேனியில் இடுப்பைச் சுற்றித் தையல் டேப்பைப் பிடித்து, கிடைத்த எண்ணை மனதில் சுமந்துகொண்டு பிராகாரத்தைக் கடந்து வந்து, வடக்கு மதிலில் இருக்கிற கல் சன்னல் வழியாகத் தெருவுக்குச் சொன்னபோது, முப்பத்தெட்டு வருஷமாக முப்பத்து நாலாகவே இருந்த எண் மாறியிருந்தது.

"இடுப்பு முப்பத்தி மூணே முக்கால்."

சன்னலுக்கு வெளியே தெருவில் நோட்டோடு நின்ற மகிழம்மாள் எழுதவில்லை. "டேப்பை இறுக்கிப் பிடிச்சிட்டீகளா சாமி?"

"என்னிக்கும் பிடிக்கற மாதிரிதான்மா பிடிச்சேன்."

"இன்னொரு மட்டம் பாருங்க."

பட்டர் போய்த் திரும்பி வந்தார். "முப்பத்தி மூணே முக்கால்" என்றார், முதல் தடவையைவிட மெதுவாக.

கல்லுக்கு வாராவாரம் எதற்கு அளவு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நெடுங்கரைக் கோயிலில் நம்பிக்கு வேட்டி மட்டும் அல்ல, தைத்த சட்டையும் உண்டு; கபாய் என்பார் பட்டர், சட்டை என்றே சொல்லும் ஊர். அதைத் தைப்பவள் சாயங்காலம் நம்பிக்குப் பாட்டுப் பாடுகிறவளாகவே இருக்க வேண்டும், பாடுகிறவளோ நம்பியைப் பார்க்கவே கூடாது, ஆகையால் அளவை யாராவது உள்ளிருந்து சொல்லித்தான் ஆக வேண்டும். மாறாத அளவாக இருந்தாலும் வாராவாரம் சொல்ல வேண்டும் என்பது முறை. அன்புள்ளவர்கள் தெரிந்த சேதியையே மறுபடியும் கேட்பார்கள் என்று அதற்கு யாரோ எப்போதோ காரணம் சொல்லியிருந்தார்கள்.

அந்தப் பாட்டு பத்துச் செய்யுள். எழுதியவளின் பெயர் தெரியாது. ஊரில் பிறந்தவள், மதிலுக்கு வெளியே நின்று நம்பியைக் கூப்பிட்டவள், அவன் வராமலே செத்துப்போனவள் என்பது மட்டும் தெரியும். அவள் இறந்த மறுநாளிலிருந்து ஊர்ப் பெண் ஒருத்தி அதே இடத்தில் நின்று, நாளுக்கு ஒரு செய்யுளாக, விளக்கேற்றும் வேளையில் பாடி வருகிறாள். ஏக்கத்தைப் பாடுகிறவளுக்கு ஏக்கம் இருந்தாக வேண்டும், கண்டவள் பாடக்கூடாது என்பது விதி. சன்னல் ஓர் ஆள் உயரம் இருக்கும், அகலம் ஒரு சாண்கூட வராது. அதன் வழியாகப் பார்த்தால் உள்மதிலின் கறுத்த கல்தான் தெரியும்.

பாட்டில் வருகிற பெண் நாளுக்கு நாள் இளைக்கிறாள். நான்காம் செய்யுளில் அவள் இப்படிச் சொல்வாள்:

கழன்ற வளையைக் கையில் ஏந்திக்
கதவு வரைக்கும் வந்து நின்றேன்;
எடுத்துப் பூட்ட ஆளைக் காணோம்,
நெடுங்கரை நம்பி, நீயா இப்படி?

முப்பத்தெட்டு வருஷமாக இதைப் பாடிய மகிழம்மாளின் எடை எழுபத்தொரு கிலோ. வடக்குத் தெருவில், சன்னலுக்கு நேர் எதிரே, ஜாக்கெட்டும் பள்ளிச் சீருடையும் தைக்கிற கடை வைத்திருந்தாள். பிறந்த அன்றே கோயிலுக்கென்று வெளியே நிறுத்தப்பட்ட பெண் அவள். மற்றக் குழந்தைகள் நாற்பத்தோராம் நாள் சன்னிதிக்குப் போனபோது அவளை மதிலைச் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து வீட்டிலேயே விட்டார்கள். மளிகைக் கடை, ரேஷன் கடை, சித்த வைத்தியர் வீடு என்று அவள் எங்கே படியேறினாலும், உள்ளே இருப்பவர்கள் பேச்சை நிறுத்தாமலே எழுந்து போய் நம்பி படம் போட்ட காலண்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு வருவார்கள். அவள் போனதும் மறுபடி திருப்புவார்கள். பாடுகிறவள் கல்யாணம் செய்யக் கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. சாயங்காலம் தவறாமல் தெருவில் நின்று இன்னொருவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவளை யாரும் பெண் கேட்டு வரவில்லை, அவ்வளவுதான்.

வைகாசியில் அவள் திருநெல்வேலிக்குப் போய்க் கண்ணைக் காட்டினாள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போய்க்கொண்டு வருகிறது, போன பார்வை போனதுதான், மீதி ஐப்பசியைத் தாண்டாது என்று டாக்டர் சொன்னார். அறுபது வயது அவளுக்கு. பஸ்ஸில் ஊர் வந்து இறங்கியவள், வீட்டுக்குப் போகாமல் நேராக அரிசி மில்லுக்குப் போனாள். மில் முதலாளி ஆதிமூலம்தான் கோயில் அறங்காவலர் குழுத் தலைவர். அவள் வருவதைப் பார்த்து அவர் காலண்டரைத் திருப்பினார்.

"அதைத் திருப்பாதீக அண்ணாச்சி. ஒரே ஒரு தடவை உள்ள போயி, கண்ணு இருக்கும்போதே அவுகளைப் பாத்துட்டு வந்துருதேன்."

"பாத்துட்டா பாட முடியாதே தாயி."

"வேற ஆளைப் பாத்துக்கிடுங்க."

வேறு ஆள் இல்லை. பாடுகிறவளுக்கு நாற்பது வயதாகும்போது ஊர் இன்னொரு குழந்தையை வெளியே நிறுத்தியிருக்க வேண்டும். இருபது வருஷம் முன்பே செய்திருக்க வேண்டிய காரியம் அது. ஒவ்வொரு வீடும் அடுத்த வீடு கொடுக்கும் என்று நினைத்து, தன் வீட்டுக் குழந்தையை நாற்பத்தோராம் நாள் சன்னிதிக்குத் தூக்கிப் போய்விட்டது. மகிழம்மாளைத் தவிர ஊரில் நம்பியைப் பார்க்காத கண்ணே இல்லை. குழு கூடியது, டீயும் மசால் வடையும் சாப்பிட்டது, தக்க மாற்று ஏற்பாடு செய்யப்படும்வரை கோரிக்கையை நிலுவையில் வைக்கலாம் என்று மினிட் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டது.

"அப்பம் நான் பாக்கவும் இல்ல, பாடவும் இல்ல" என்றாள் மகிழம்மாள். ஆனி பிறந்த அன்று சாயங்காலம் விளக்கேற்றும் வேளையில் அவள் கடையிலேயே உட்கார்ந்து பட்டன் தைத்தாள். சன்னலுக்கு உள்ளே பட்டர் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போனார்.

மூன்றாவது புதன்கிழமை கால் அங்குலம் குறைந்தது. அடுத்த புதன்கிழமை இன்னொரு அரை.

முதலில் ஊர் டேப்பைச் சந்தேகப்பட்டது. புது டேப் வாங்கி வந்தார்கள். அது பழையதைவிடக் கால் அங்குலம் குறைவாகவே காட்டியது. பிறகு தளிகையைச் சந்தேகப்பட்டது. சர்க்கரைப் பொங்கலில் நெய்யை இரட்டித்தார்கள், மதியம் தயிர்சாதத்தோடு வடையும் சேர்த்தார்கள், அதில் பிரசாதம் வாங்க வந்தவர்கள் பெருத்தார்கள். பிறகு கல்லைச் சந்தேகப்பட்டது. கல் படித்த நிபுணர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் இரண்டு நாள் தங்கி, தேய்மானம் என்று எழுதிக் கொடுத்தார். தேய்ந்த தூள் எங்கே போனது என்று பட்டர் கேட்டபோது அவருக்கு மதிய ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஆடி இரண்டாம் வெள்ளியன்று, தீபாராதனை நடந்துகொண்டிருக்கும்போதே, நம்பியின் இடது கைக் கடகம் முழங்கைக்கு இறங்கி, மணிக்கட்டுக்கு இறங்கி, கழன்று தரையில் விழுந்து, உருண்டு வந்து சன்னிதிப் படியில் நின்றது. கூட்டத்தில் யாரும் கத்தவில்லை. நான்காம் செய்யுள் எல்லாருக்கும் மனப்பாடம்.

காரணம் ஊருக்குத் தெரியும். தெரியும் என்று ஒப்புக்கொண்டால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்பதால் யாரும் சொல்லவில்லை. மாறாக, வீட்டில் ஒருவர் சாப்பிடாமல் கிடக்கும்போது மற்றவர்கள் எப்படி நடந்துகொள்வார்களோ அப்படி நடந்துகொள்ளத் தொடங்கினார்கள். கல்யாணப் பந்திகளில் இரண்டாம் தடவை சாம்பார் கேட்பது நின்றது. பஸ் நிலையத்து ஓட்டல்காரர் அளவில்லாச் சாப்பாடு என்ற பலகையைத் துணி போட்டு மூடினார். வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சாப்பிட மறுக்கும் பெண்களைப் பெற்றவர்கள் வந்தார்கள், நடுவயது ஆண்கள் சிலர் தனித்தனியாக வந்து, எதுவும் வேண்டிக்கொள்ளாமல், அர்ச்சனைச் சீட்டில் யாரோ ஒரு பெண்ணின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார்கள். கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு பெண் வெகுநேரம் நம்பியின் விலா எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "படட்டும், நல்லாப் படட்டும்" என்று சொல்லித் தீர்த்தம் வாங்கிக்கொண்டு திருப்தியாகப் போனாள்.

மகிழம்மாள் பாட்டை நிறுத்தினாளே தவிர சட்டையை நிறுத்தவில்லை. புதன்கிழமை காலை நோட்டோடு போய் நிற்பாள், பட்டர் சொல்வதை எழுதிக்கொள்வாள், சனிக்கிழமைக்குள் சட்டையைப் பிடித்துக் கொடுப்பாள். அவளுடைய அண்ணன் மனைவி ஆவுடை கூடவே இருந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். மகிழம்மாளின் பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டு வந்தது. ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்றாள்.

"உள்ள மடிச்சு மடிச்சுத் தைக்கியே, மிச்சத் துணியை வெட்டிர வேண்டியதுதான ஏட்டி?" என்று கேட்டாள் ஆவுடை. "சட்டையா இது, மெத்தை மாதிரி கனக்கு."

"கிடக்கட்டும் மதினி."

"அவுக இன்னும் இளைக்கப் போறாக. இந்தத் துணி யாருக்கு?"

"பிரிச்சுவிட வேண்டி வரும்லா" என்றாள் மகிழம்மாள், தலையைத் தூக்காமல்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை கூட்டத்தில் நம்பியின் ஒட்டியாணத்தைக் கறுப்பு நூல் போட்டுக் கட்டியும் நிற்கவில்லை. அளவு இருபத்தாறுக்கு வந்திருந்தது. அன்று மாலை குழு மறுபடி கூடியது, டீ வாங்கவில்லை, வடை வாங்கவில்லை. பாட்டில்லாத நம்பியோடு வாழ்ந்துவிடலாம், நம்பி இல்லாத கோயிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். ஆதிமூலம் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் கதலிப் பழமும் எடுத்துக்கொண்டு, பட்டரையும் கூட்டிக்கொண்டு வடக்குத் தெருவுக்கு வந்தார்.

"வா தாயி. முன்வாசல் வழியாவே வா. எவ்வளவு நேரம் வேணும்னாலும் நின்னு பாரு."

மகிழம்மாள் மெஷினை நிறுத்தினாள். தாம்பாளம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தலையைத் திருப்பித் தேட வேண்டியிருந்தது அவளுக்கு. "இப்பம் நான் வரல அண்ணாச்சி."

"ஏம்மா, அதுக்குத்தான இவ்வளவு பாடு!"

"அன்னைக்கு நான் போறேன்னேன், நீங்க விடல. இன்னைக்கு அவுக வாராக. நடுவழியில மறிக்கப் படாது."

கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அவரிடம் நீட்டி, சன்னலை அளந்து பார்க்கச் சொன்னாள். ஆதிமூலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவைக் கடந்து போய் அளந்தார். ஏழு அங்குலம் இருந்தது.

"இருபத்திரண்டு சுத்தளவு உள்ள ஆளு ஒருச்சாய்ச்சு நின்னா ஏழு அங்குலத்துல வந்துருவாக" என்றாள் மகிழம்மாள். "ஆடி மாசமே கணக்குப் போட்டுட்டேன். நீங்க ஏக்கத்துல இளைக்காகன்னு அழுதுக்கிட்டு இருக்கீக. அவுக சன்னலுக்கு அளவு எடுத்துக்கிட்டு இருக்காக."

ஆதிமூலம் டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். "வாசல் வழியா வரலாம்லா சாமி? இருபதடி வாசலு. நம்மளே திறந்து வைக்கோம்."

"வாசல் வழியா வந்தா குடை வரும், மேளம் வரும், நீங்க எல்லாரும் முன்னாடி நடந்து வருவேள்" என்றார் லோசன பட்டர். "வாசல் ஊருக்கு. சன்னல் அவளுக்கு. அவருக்குத் தெரியாதா?"

அதன் பிறகு ஊர் இரண்டு கணக்கைச் சேர்த்துப் பார்த்தது. ஒரு பக்கம் நம்பியின் இடுப்பு, ஒரு பக்கம் மகிழம்மாளின் கண். இருபத்தைந்தேகால் என்று பட்டர் சொன்ன வாரம் அவளுக்கு இரண்டு பக்கத்து வீடுகளும் கண்ணிலிருந்து போய்விட்டன. இருபத்து நாலு ஆன வாரம் மதில் போய்விட்டது, சன்னல் மட்டும் கறுப்புக் கோடாக நின்றது. டீக்கடையில் பெரியவர்கள் நாளைக் கழித்துப் பார்த்து, ஒட்டி வந்துவிடும், ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே இருக்கும் என்றார்கள். பெண்கள் அவள் கண்ணுக்கு நந்தியாவட்டைப் பூ கொண்டு வந்து கொடுத்தார்கள். நம்பியை இன்னும் கொஞ்சம் சீக்கிரம் இளைக்கச் சொல்லி வேண்டிக்கொண்ட ஊர் உலகத்தில் வேறு இருக்க முடியாது. தளிகையைக்கூடப் பாதியாகக் குறைத்தார்கள்.

ஐப்பசி ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை விடிந்ததும், "லைட்டைப் போடுங்க மதினி" என்றாள் மகிழம்மாள். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆவுடை ஸ்விட்சை அணைத்து மறுபடி போட்டாள், சத்தம் கேட்கட்டும் என்று. பிறகு கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்குக் கூப்பிட்டாகளே ஏட்டி. போயிருந்தா பாத்திருக்கலாம்லா."

மகிழம்மாள், துணியில் கோடு போடும் நீலச் சாக்குக்கட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டு வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் பட்டர் சன்னலுக்கு வந்தபோது வெளியே ஆவுடை கையைப் பிடித்து மகிழம்மாளை நிறுத்தியிருந்தாள். நோட்டு இல்லை. பட்டர் சன்னலை ஒட்டி வந்து எண்ணைச் சொன்னார்.

"இருபத்திரண்டு."

ஒன்பது மணிக்குக் கோயில் ஒலிபெருக்கியில் ஆதிமூலமே பேசினார். உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தியதிலிருந்து மாலை நாலு மணிவரை வடக்குத் தெருவில் யாரும் நடமாட வேண்டாம், எட்டிப் பார்க்கவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். உத்தரவு என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. ஒன்றரை மணி மினிபஸ் தெற்கு வழியாகத் திருப்பிவிடப்பட்டது. வடமதில் மூலையிலிருந்த கண்காணிப்புக் கேமராவின் மேல், அவரே ஏணி வைத்து ஏறி, தோள் துண்டை எடுத்துக் கட்டினார். தெருவில் பதினேழு வீடு. பதினேழிலும் சன்னலைச் சாத்தி, கதவைச் சாத்தி, பன்னிரண்டரை மணிக்கு மழை தூறத் தொடங்கியபோது, எல்லாரும் அவரவர் வீட்டுப் பின்கட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அறுபது வருஷமாக அவளுக்காகக் காலண்டரைத் திருப்பி வைத்த ஊர் அன்று தானே திரும்பிக்கொண்டது.

ஆகவே பார்த்தவர் யாரும் இல்லை. கேட்டது ஆவுடை மட்டும். கடைக்குப் பின்னால் அடுக்களையில் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முதலில் மழைச் சத்தம் மட்டும் இருந்ததாகவும், பிறகு ஈரக் கல்லில் துணி உரசுகிற சத்தம், யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு பக்கவாட்டில் வருவதுபோல், நின்று நின்று வந்ததாகவும் அவள் சொன்னாள். கடை வாசலில் மகிழம்மாளின் குரல் கேட்டது. பாடுகிற குரல் இல்லை; ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிறவர்களிடம் பேசுகிற குரல்.

"நேரா நில்லுங்க."

"கையைத் தூக்குங்க. போதும்."

"மூச்சை இழுத்துப் பிடிக்கப் படாது. இனி எதுக்கு இழுக்கீக, வந்தாச்சுல்லா."

பிறகு டேப் நீள்கிற சத்தம், சாக்குக்கட்டி இழுபடுகிற சத்தம், அதன் பிறகு வெகுநேரம் ஒன்றுமே இல்லை. நடுவில் ஒரு தடவை மகிழம்மாள் அழுதாளா என்று பிற்பாடு கேட்டவர்களிடம், தான் கேட்டதை மட்டும் சொல்ல முடியும், கேட்காததைச் சொல்ல முடியாது என்றாள் ஆவுடை.

நாலு மணிக்குப் பட்டர் நடை திறந்தார். நம்பி இடத்தில் நின்றார். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. காலையில் சாற்றிய சட்டையின் மடிப்புகள் இரண்டு பக்கமும் நூல் தெறித்துப் பிரிந்து, அத்தனை மாதமாக உள்ளே கிடந்த துணியெல்லாம் வெளியே வந்து, உடம்போடு ஒட்டிக் கச்சிதமாக இருந்தது. பட்டர் டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றிப் பிடித்தார், இன்னும் இரண்டு தடவை பிடித்துப் பார்த்தார், அறுபத்து நாலு வயதில் பிராகாரத்தை ஓட்டமாகக் கடந்து சன்னலுக்கு வந்தார்.

"முப்பத்தி நாலு!"

தெருவில் கதவுகள் திறந்தன. ஆதிமூலமும் குழுவும் குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். மகிழம்மாள் தன் கடை வாசலிலிருந்து எழுந்து, ஒரு கையை முன்னால் நீட்டி, யார் துணையும் இல்லாமல் தெருவைக் கடந்து வந்தாள். விளக்கேற்ற இன்னும் நேரம் இருந்தது. ஆனால் அவளுக்கு அது தெரியவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

கேட்காமல் விட முடியாத கேள்வி ஒன்று இருந்தது. அதைக் கேட்பது ஆதிமூலத்தின் பொறுப்பு.

"நீ அவுகளைப் பாத்தியா தாயி?"

"எதை வச்சுப் பாக்க அண்ணாச்சி?" என்றாள் மகிழம்மாள்.

ஆதிமூலம் குழுவைத் திரும்பிப் பார்த்தார். யாரும் மறுத்துப் பேசவில்லை. விதி அப்படியே இருந்தது. குழுவில் ஒருவர் குடையை மடக்கிவிட்டு மழையில் நின்றார், பிறகு மற்றவர்களும் மடக்கினார்கள்.

அவள் சன்னலுக்கு நேரே வந்து, கல்லின் ஓரத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்து, எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றாள். பாட வாயைத் திறந்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"சாமி."

"சொல்லும்மா."

"முப்பத்தெட்டு வருசமா அளவு சொல்லுதீக. அவுகளுக்கு இடது தோள் அரை விரக்கடை சரிஞ்சிருக்குன்னு ஒரு நாளாவது சொன்னீகளா? எத்தனை சட்டையைக் கோணலாப் போட்டுக்கிட்டு நின்னிருக்காக. சாக்குக்கட்டியால கோடு போட்டிருக்கேன், போயிப் பாருங்க. அடுத்த சனிக்கிழமை சரியாத் தச்சுத் தாரேன்."

பிறகு அவள் முதல் செய்யுளை எடுத்தாள். நம்பி வரவில்லை, வழியைப் பார்த்துப் பார்த்துக் கண் ஓய்ந்தது என்று தொடங்கும் செய்யுள் அது. குரல் பழையபடியே இருந்தது.

பட்டர் பாட்டைக் கேட்டுக்கொண்டே மெதுவாகச் சன்னிதிக்குத் திரும்பினார், கை விளக்கை எடுத்தார், ஈரச் சட்டையை இடது தோளிலிருந்து விலக்கினார். கல்லின் மேல், கழுத்தடியிலிருந்து புஜம்வரை, நீலக் கோடு ஒன்று இருந்தது. விளக்கைத் தூக்கி இரண்டு தோளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இடது தோள் அரை விரற்கடை சரிந்திருந்தது.